வேலையை முடிப்பதும் ஆளை முடிப்பதும்

ஓர் ஆங்கில வினைச்சொல்லுடன் எனக்கு நீண்ட நாட்களாக ஒரு வழக்கு இருக்கிறது. டெர்மினேட் என்பது அந்தச் சொல். கொழும்பில் வேலைக்குப் போய்வரும் எவருக்கும் அதற்கு அகராதி தேவையில்லை. "அவரை டெர்மினேட் செய்துவிட்டார்களாம்" என்று பஸ்ஸிலும் மதிய உணவு மேசையிலும் கோயில் வீதியிலும், தமிழிலும் சிங்களத்திலும், ஒரேவிதமாகச் சொல்லிக்கொள்கிறோம். 2022இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று நாடு கைவிரித்த பிறகு இந்தச் சொல் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. எரிபொருள் வரிசைகள் போய்விட்டன, நீண்ட மின்வெட்டுகள் போய்விட்டன, சொல் மட்டும் போகவில்லை. சொல்லின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 'அவரை' என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'ஐ' உருபின் மேல்தான் கோபம். ஒருவருடைய வேலையை முடிக்கலாம், ஒப்பந்தத்தை முடிக்கலாம். ஒருவரையே எப்படி முடிப்பது?

நான் புதுக்கடை நீதிமன்றங்களுக்கு அருகே இருந்து வேலை செய்யும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி, பொலிஸ் முறைப்பாடு, வெளிநாட்டுத் தூதரகம் கேட்கும் வங்கிக் கடிதம் என்று ஒரு குடும்பத்தின் முழு வரலாறும் தாள் தாளாக என் மேசையைக் கடந்து போகும். இந்தத் தொழிலில் வேற்றுமை உருபு ஒன்று பிசகினால் காணி கைமாறிவிடும், கொடுத்தவர் வாங்கியவராகிவிடுவார். யார், யாரை, எதை என்று பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு தாளின் அடியிலும் முத்திரை குத்துகிறேன். எனவே இதை வெறும் இலக்கணப் பிடிவாதம் என்று யாராவது தள்ளிவிட்டால் எனக்கு ஒத்துக்கொள்ள முடியாது. அந்தச் சிறிய உருபு ஒரு மனிதரை என்ன செய்தது என்பதை நான் கண்ணால் கண்டேன்.

வேலை என்று இதில் எங்கே இருக்கிறது?

அவர் ஒரு களஞ்சியசாலையில் பொறுப்பாளராக இருந்தவர். ஊர் ஹட்டன் பக்கம். மீசை முளைக்கும் வயதில் கொழும்புக்கு வந்து, மூட்டை இறக்கி, கணக்கு எழுதப் பழகி, படிப்படியாக மேலே வந்தவர். கொட்டாஞ்சேனையில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் தேசிய அடையாள அட்டையின் பிரதி, ஊழியர் சேமலாப நிதித் தாள்கள், அவற்றுக்கு நடுவே நிறுவனத்தின் கடிதம். தொழில் திணைக்களத்துக்குத் தமிழில் முறைப்பாடு எழுதியிருந்தார். ஆங்கிலக் கடிதத்தையும் தமிழாக்கி அதோடு இணைக்க வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. நிறுவனத்தின் நிலைமை பற்றி இரண்டு வரி, பிறகு டெர்மினேட் வரும் அந்த வாக்கியம், பிறகு திருப்பி ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியல்: சாவிக்கொத்து, அடையாள அட்டை, சீருடை இரண்டு, டார்ச் லைட் ஒன்று.

அந்த வாக்கியத்தைத் தமிழாக்குவதில்தான் சிக்கல். எங்கள் தொழிலில் எல்லோரும் பழக்கத்தில் எழுதுவது 'தங்களது சேவை இத்தால் முடிவுறுத்தப்படுகிறது' என்பதுதான். கை தானாக அப்படித்தான் போகும். ஆனால் ஆங்கிலத்தில் சேவை என்ற சொல்லும் இல்லை, வேலை என்ற சொல்லும் இல்லை. 'நீங்கள்' என்ற சொல்தான் இருந்தது. மூலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்ப்பதில்லை என்று சத்தியம் செய்தவள் நான். மூலத்தின் முரட்டுத்தனத்தை மெழுகிக் கொடுத்தால் அதுவும் ஒருவகைப் பொய்தான். ஆகவே உள்ளதை உள்ளபடி தட்டச்சுச் செய்தேன்: 'தாங்கள் இத்தால் முடிவுறுத்தப்படுகிறீர்கள்.'

தாளை அவரிடம் கொடுத்து, பெயரும் திகதியும் சரியா என்று பார்க்கச் சொன்னேன். சுட்டுவிரலை வரிக்குக் கீழே வைத்து, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே படித்தார். மூட்டைக் கயிறு அறுத்த பழைய தழும்பு அந்த விரலின் முதல் மூட்டில் வெள்ளையாகத் தெரிந்தது. விரல் பெயரைக் கடந்தது, திகதியைக் கடந்தது, அந்த வாக்கியத்தில் நின்றுவிட்டது. ஒருமுறை திரும்பிப் போய் மறுபடியும் வந்து அதே இடத்தில் நின்றது. "மிஸ், இதில் என்னை என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டார். "வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள், அண்ணன்" என்றேன். "வேலை என்று இதில் எங்கே இருக்கிறது?" என்றார்.

குரலில் கோபம் இல்லை. கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து அந்த ஆங்கில வாக்கியத்தோடுதான் அவர் வாழ்ந்திருக்கிறார். வீட்டில் சொல்லியிருக்கிறார், தெரிந்தவர்களிடம் காட்டியிருக்கிறார், 'என்னை டெர்மினேட் செய்துவிட்டார்கள்' என்று தன் வாயாலேயே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் அது ஓர் அலுவலகச் சத்தம் மட்டும்தான். தாய்மொழியில் வந்து முன்னால் நின்றபோதுதான் அது என்ன சொல்கிறது என்று காதில் விழுந்தது. "மரண அறிவித்தலில்கூட இப்படி எழுத மாட்டார்கள், மிஸ்" என்றார். பிறகு தாளை நான்காக மடித்தார்; மடிக்கக் கூடாது, முத்திரை இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போகும் முன் இன்னொன்றும் சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அவருடைய அம்மாவுக்கு தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி: "பேரை வெட்டிவிட்டார்களா?" மலையகத்தில் பேர் என்பது செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேட்டில், விழும் ஒரு நாள் வேலை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், நிறைந்தால் முழுப்பேர். அந்த அம்மாவின் கேள்வியிலும் ஆள்தான் வெட்டப்படுகிறார் என்று சொல்லலாம். எனக்கு அப்படிப் படவில்லை. பேர் என்று ஒன்று பதிவேட்டில் இருக்கிறது; அதை வெட்டுகிறார்கள்; வெட்டிய பிறகும் ஆள் இருக்கிறார், அந்த ஆளிடம்தான் அம்மா பேசிக்கொண்டிருக்கிறார்.

எல்லைக் கல்லில் குடியிருந்த கடவுள்

அதன் பிறகுதான் இந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போனேன். டெர்மினேட் 15ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்குத் தாய், டெர்மினாரே என்ற லத்தீன் வினை. எல்லை குறித்தல் என்று பொருள். அதற்கும் வேர் டெர்மினஸ். வயலுக்கும் வயலுக்கும் நடுவே நடும் எல்லைக் கல்லுக்கு ரோமானியர்கள் வைத்த பெயர் அதுதான். அந்தக் கல்லில் குடியிருந்த கடவுளுக்கும் அதே பெயர். ஒவ்வொரு ஆண்டும் பெப்ரவரி 23ஆம் திகதி அந்தக் கடவுளுக்குத் திருவிழா. கல்லின் இந்தப் பக்கத்துக் காணிக்காரரும் அந்தப் பக்கத்துக் காணிக்காரரும் தத்தம் குடும்பத்தோடு வந்து, தத்தம் பக்கத்தில் மாலை சாத்தி, தானியமும் தேனடையும் திராட்சை மதுவும் படைத்து, சேர்ந்து சாப்பிடுவார்கள். கல்லை உழுது பெயர்ப்பவன் தன் எருதுகளோடு சேர்த்துச் சபிக்கப்பட்டவன் என்று ரோமின் பண்டைய மன்னன் நூமாவின் பெயரால் ஒரு சட்டமும் வழங்கிவந்தது.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் இந்தச் சட்டத்தை விளக்க வேண்டியதில்லை. எல்லை வேலிக் கதியாலை இரவோடு இரவாக அரைச் சாண் தள்ளி நட்டதற்காக மூன்று தலைமுறை பேசாமல் இருக்கும் குடும்பங்கள் எங்கள் ஊரிலும் இருந்தன. என்னிடம் வரும் காணி உறுதிகளில் பாதி வேலை வடக்கு எல்லை, கிழக்கு எல்லை என்று நான்கு பக்கமும் எழுதுவதுதான். அப்படி எழுதும்போது ஒவ்வொரு எல்லையிலும் இன்னொருவரின் பெயர் வரும். எல்லை என்று ஒன்றைச் சொன்னால் அதற்கு அப்பால் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். வன்னியில் குளக்கட்டில் இருக்கும் ஐயனாரும் அப்படித்தான்: ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், இரண்டையும் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

டெர்மினஸ் அசையாத கடவுள். ரோமில் காப்பிடோல் குன்றில் ஜூப்பிட்டருக்குப் பெரிய கோயில் கட்டியபோது, அங்கே முன்பே இருந்த தெய்வங்கள் இடம் மாறச் சம்மதித்தன, டெர்மினஸ் மறுத்துவிட்டது என்பது கதை. எனவே கல்லை உள்ளே விட்டுக் கோயிலைக் கட்டினார்கள். அது வானத்தின் கீழ்தான் இருக்க வேண்டும் என்பதால் அதற்கு நேர்மேலே கூரையில் துவாரமும் விட்டார்கள். கடவுளரின் அரசனுக்கும் நகர்ந்து கொடுக்காத ஒரு கல்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. முடிவு என்பதற்கு ரோமானியர் வைத்திருந்த முதல் உருவம் காக்கும் உருவம். வலியவன் இதற்கு மேல் வரக் கூடாது என்று சொல்வதற்குத்தான் அந்தக் கல்.

இதே வேரிலிருந்து எத்தனையோ சொற்கள் கிளைத்தன, பெரும்பாலானவை சாதுவானவை. நிலவில் வெளிச்சப் பகுதியையும் இருட்டுப் பகுதியையும் பிரிக்கும் கோட்டுக்கு வானியலாளர் வைத்த பெயர் டெர்மினேட்டர். அந்தக் கோட்டின் ஓரத்தில்தான் நிழல்கள் நீண்டு விழுந்து பள்ளங்களும் மலைகளும் மிகத் தெளிவாகத் தெரியும். 1767இல் தாவரவியலாளர் லின்னேயஸ் ஒரு மரப் பேரினத்துக்கு டெர்மினாலியா என்று பெயரிட்டார், இலைகள் கிளைகளின் நுனியில் கொத்தாக நிற்பதால். நம் மருது, கடுக்காய், தான்றி எல்லாம் அந்த இனம். காலிமுகத்திடல் பக்கம் நிழல் தரும், சிங்களத்தில் கொட்டம்பா என்று சொல்லும் நாட்டு வாதுமையும் அதுதான். கொழும்பின் முதல் ரயில் நிலையத்துக்கும் கொழும்பு டெர்மினஸ் என்றே பெயர் இருந்தது. 1860களில் மருதானைப் பக்கம் அதைக் கட்டியபோது பாதை அங்கே முடிந்தது. பிறகு தண்டவாளம் கடற்கரையோரமாகத் தெற்கே போயிற்று. 1917இல் கோட்டை நிலையமும் வந்தது. துறைமுகத்தில் இன்று கொள்கலன்கள் ஏறி இறங்கும் இடங்களையும் டெர்மினல் என்றுதான் சொல்கிறோம். முடியும் இடம் என்று பெயர், வந்த சரக்கில் பெரும்பகுதி அங்கிருந்து வேறு கப்பல் ஏறி வேறு நாட்டுக்குப் போகிறது.

எல்லைக்கு அப்பால் தள்ளுதல்

சொல்லின் முகம் மாறத் தொடங்கியதற்கு ஒரு நாள் குறித்துச் சொல்லலாம் என்றால் நான் கி.பி. 303ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஐச் சொல்வேன். டயோக்ளீஷியன் பேரரசன் கிறிஸ்தவர்களை ஒழிக்கும் வேலையைத் தொடங்கத் தேர்ந்தெடுத்த நாள் அது. நிக்கோமீடியா நகரில், இன்றைய துருக்கியின் இஸ்மித்தில், அரண்மனையிலிருந்து பார்த்தால் தெரியும் தேவாலயத்தை அன்று இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். டெர்மினஸின் திருநாளில் தொடங்கினால் அந்த மதத்துக்கும் ஒரு முற்றுப்புள்ளி வைத்ததாகும் என்று நாள் பார்த்தார்களாம். அந்தக் காலத்திலேயே வாழ்ந்த லக்டான்டியஸ் எழுதி வைத்திருக்கிறார். அயலவர் இருவர் கல்லின் இருபுறமும் நின்று சேர்ந்து உண்ணும் நாளை ஒரு கூட்டத்தை இல்லாமல் ஆக்கும் நாளாக மாற்றினார்கள். 311இல் இன்னொரு பேரரசனே அந்த வேட்டையை நிறுத்தி ஆணையிட வேண்டி வந்தது.

எக்ஸ்டெர்மினேட் என்ற சொல்லும் இதற்கு உடன்பிறப்பு. பூச்சி மருந்து டப்பாக்களில் வரும் சொல். அதன் ஆதிப் பொருள் கொல்வது அல்ல, எல்லைக்கு வெளியே தள்ளுவது. தள்ளிவிடுதல் பிறகு அழித்தலாகிவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு ரோம் மறந்துபோயிற்று. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் 370க்கும் அதிகமானோரை எழுப்பி, கொழும்பில் தங்கத் தக்க காரணம் இல்லை என்று சொல்லி, பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு அதை நிறுத்தியது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை, 70,000க்கும் அதிகமானோரை, விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். இந்த இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுவது சிலருக்குப் பிடிக்காது என்று தெரியும். இரண்டிலும் வினை ஒன்றுதான், எனவே சேர்த்துத்தான் எழுதுவேன். எல்லை என்ற சொல் மனிதர்மேல் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு லத்தீன் தேவையில்லை.

இனி அலுவலகத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் நெடுங்காலம் டெர்மினேட் என்ற வினைக்குச் செயப்படுபொருளாக வந்தவை போர், வாதம், குத்தகை, ஒப்பந்தம். 20ஆம் நூற்றாண்டில் நிர்வாக மொழி பெருகியபோது, அதுவும் அமெரிக்க அலுவலகங்களில், 'இன்னாருடைய நியமனத்தை' என்பதில் நடுச்சொல் உதிர்ந்து 'இன்னாரை' என்றாயிற்று. உளவுத்துறைகளிலும் இதே பேச்சுத்தான்: மறுபடி வேலைக்கு எடுக்கக் கூடாத ஆள் என்றால் 'பாதகக் குறிப்புடன்' முடித்ததாகக் கோப்பில் எழுதுவார்கள். 1969இல் வியட்நாமில் அமெரிக்கச் சிறப்புப் படையினர், இரட்டை உளவாளி என்று சந்தேகித்து ஒரு வியட்நாமியரைக் கொன்றார்கள். அந்த விவகாரம் வெளியே வந்தபோது 'மிகக் கடுமையான பாதகக் குறிப்புடன் முடித்தல்' என்ற தொடர் செய்தித்தாள்களில் அடிபட்டது. வேலைநீக்கப் படிவத்தின் மொழியை அப்படியே எடுத்து ஒரு கொலைக்குப் போர்த்தியிருந்தார்கள். கைதான படையினர்மீது இருந்த குற்றச்சாட்டுகள் சாட்சிகள் கிடைக்கவில்லை என்று அதே ஆண்டு கைவிடப்பட்டன. செயப்படுபொருளின் இடத்தில் மனிதரை உட்காரவைத்த பிறகு, வேலையிலிருந்து நீக்குவதற்கும் உயிரிலிருந்து நீக்குவதற்கும் வாக்கியத்தில் வேறுபாடு தெரிவதில்லை. எனக்கு இதில் அச்சம் உண்டு.

தமிழின் கை சுத்தமானது என்று சொல்ல வரவில்லை. தீர் என்ற வேரிலிருந்து தீர்வும் தீர்ப்பும் பிறந்தன; 'ஆளைத் தீர்த்துக்கட்டினான்' என்பதும் பிறந்தது. 'கதையை முடித்துவிட்டான்' என்றால் எந்தக் கதை என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் முடி என்ற வேரில் ஒன்று கவனிக்க இருக்கிறது. முடிதல் நிறைவேறுவது, முடித்தல் கட்டுவது, முடிச்சு அந்தக் கட்டு. கொழும்பில் கலியாணம் முடித்தார் என்றால் குடும்பம் தொடங்கினார் என்று பொருள். "மகள் முடித்துவிட்டாரா?" என்று எங்கள் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெரியம்மா கேட்பது நலம் விசாரிப்பு. விவாகப் பதிவை மொழிபெயர்க்கும்போதும் வேலைநீக்கக் கடிதத்தை மொழிபெயர்க்கும்போதும் ஒரே வேர்தான் என் விரல் நுனியில் வருகிறது.

1971இன் சட்டம் எதை முடிக்கச் சொல்கிறது

இலங்கையில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது: 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். அதன் ஆங்கிலத் தலைப்பிலேயே டெர்மினேஷன் வருகிறது. ஆனால் உடனே 'வேலையாட்களுடைய தொழிலை' என்று வருகிறது. உள்ளே புகுந்து பிரிவு பிரிவாகப் பார்த்தேன். முடிவுறுத்தப்படுவது தொழில்தான். சிங்களத்திலும் 'சேவய அவசன் கிரீம' என்பதே அலுவலக வழக்கு, சேவையை முடித்தல். 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, ஒழுக்காற்றுக் காரணம் அல்லாமல் ஒருவரின் தொழிலை முடிப்பதென்றால், அந்த ஊழியரின் எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாமல் முடித்தால் அந்த முடிவு சட்டவிரோதம், வெற்று, எவ்விதப் பயனும் அற்றது. வேலையைத் தொடர்ந்து கொடுக்கும்படியும் இடைக்காலச் சம்பளத்தைக் கொடுக்கும்படியும் ஆணையாளர் உத்தரவிடலாம். முதலாளி முடிந்தது என்று எழுதிய பிறகும் முடியவில்லை என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பிரிவைப் படித்தபோது காப்பிடோல் குன்றின் அந்தக் கல் எனக்கு நினைவுக்கு வந்தது.

எதிர்ப்பக்கமும் ஒரு வரலாறு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. இதே நாட்டில் ஒரு காலத்தில் முடிக்கும் உரிமை தொழிலாளிக்கே இருக்கவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போவது சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். தோட்டங்களில் துண்டு முறை வேறு: கடனை யாராவது கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம். 1921இல்தான் துண்டு ஒழிந்தது. முடிவே இல்லாத வேலைக்கு அடிமைத்தனம் என்று பெயர். எனவே வேலை முடியவே கூடாது என்பது என் வாதம் அல்ல. வேலைக்கு எல்லை வேண்டும், இரண்டு பக்கமும் மாலை போடக்கூடிய எல்லைக் கல் வேண்டும். அந்தப் பக்கத்தில் அந்த மனிதர் முழுதாக நிற்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் இந்த வாக்கியத்தைக் காட்டினேன். தொழில் வழக்குகளில் நரைத்தவர். "தங்கச்சி, தொழில் நியாய சபை இலக்கணம் பார்ப்பதில்லை. காரணம் பார்க்கும், அனுமதி பார்க்கும், நட்டஈடு பார்க்கும். 'உங்களை' என்று எழுதினாலும் 'உங்கள் சேவையை' என்று எழுதினாலும் வழக்கு ஒன்றுதான்" என்றார். அவர் சொன்னது சரி. சட்டத்தில் அந்த உருபுக்கு எடை இல்லை. ஆனால் அந்தக் கடிதம் நியாய சபைக்குப் போகும் முன் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்குப் போகிறது. மேசை இழுப்பறையில் சேமலாப நிதித் தாள்களோடு கிடக்கிறது. வேலை போனவர் தன் நிலைமையைப் பிறருக்குச் சொல்ல அவருக்குக் கிடைத்த ஒரே வாக்கியம் அது. அடுத்த நேர்முகத் தேர்விலும், பெண் கொடுத்த வீட்டிலும், பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் சொல்லப்போகிறார். எழுதியவர் ஒரு சொல்லைச் சேமித்தார் என்பதற்காக இவர் அதைச் சுமக்க வேண்டுமா?

களஞ்சியசாலைக்காரரின் முறைப்பாடு நாரஹேன்பிட்டியில் விசாரணையில் இருக்கிறது. தவணை மேல் தவணை போகிறது. அவர் இப்போது நண்பர் ஒருவரின் முச்சக்கர வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். நியாய சபை வரை போவதென்றால் அதற்குரிய ஆறு மாதக் கெடுவையும் சட்டத்தரணியிடம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அண்மையில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு கட்டுப் படிவங்கள் மொழிபெயர்ப்புக்கு வந்தன: நியமனக் கடிதம், எச்சரிக்கைக் கடிதம், உறுதிப்படுத்தல், கடைசியில் இது. மூன்று மொழியிலும் வேண்டுமாம். கடைசிப் படிவத்தில் அதே வாக்கியம், அதே 'நீங்கள்'. நான் அதைத் தமிழாக்காமல் திருப்பி அனுப்பினேன். ஆங்கிலத்தைத் திருத்துங்கள், உங்கள் சேவை இன்ன திகதியுடன் முடிவடைகிறது என்று எழுதுங்கள், 1971இன் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது என்று எழுதினேன். இது வெளிநாட்டுத் தலைமையகம் அனுப்பிய படிவம், அனுமதி கேட்க வேண்டும் என்று அங்கிருந்த சிங்களப் பெண் அதிகாரி தொலைபேசியில் சொன்னார். என்ன காரணம் என்றும் கேட்டார். "சேவய அவசன் கிரீம என்று நீங்கள் சொல்வதைத்தான் ஆங்கிலத்திலும் கேட்கிறேன்" என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு அந்தச் சிங்கள வாக்கியத்தை எழுதி அனுப்பும்படி கேட்டார்.

திருத்திய படிவம் வந்தது. வாக்கியத்தின் எழுவாய் இப்போது 'உங்கள் சேவை'. தமிழாக்கி அனுப்பிவிட்டேன். அதற்குக் கீழே, திருப்பி ஒப்படைக்க வேண்டிய சாவி, அட்டை, சீருடைப் பட்டியல் அப்படியே இருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு மேலே, நிறுவனம் கொடுக்க வேண்டியவற்றையும் எழுதும்படி கேட்டிருக்கிறேன்: நிலுவைச் சம்பளம், பணிக்கொடை, சேமலாப நிதி விண்ணப்பத்தில் எந்தத் திகதிக்குள் கையெழுத்திடுவார்கள் என்ற ஒரு வரி. அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி தொலைபேசி எடுப்பேன்.